சுவருக்கு உள்ளே கதிர்வீச்சுக்குக் கணக்கு. வெளியே நச்சுக் காற்றுக்கு யார் பொறுப்பு?

அணுசக்தி நகர் முதல் தாராவி வரை: புற்றுநோய்க் காரணிகளை அறிந்த அரசு, யாரைக் காக்கிறது?

மும்பையின் வடகிழக்கு ஓரத்தில், செம்பூரைத் தாண்டியதும் திராம்பே குன்றுகளை ஒட்டி அமைந்துள்ளது அணுசக்தி நகர். மத்திய அரசின் அணுசக்தித் துறை ஊழியர்கள் குடும்பத்துடன் வாழும் இக்குடியிருப்பில் தமிழர்களும் கணிசமாக உள்ளனர். அருகிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் கதிர்வீச்சுப் பகுதிக்குள் பணியாற்றும் ஒவ்வொருவரும் மார்பில் சிறிய பட்டை ஒன்றை அணிய வேண்டும். உடல் மீது விழும் கதிர்வீச்சை அப்பட்டையில் உள்ள வேதிப்பொருள் தேக்கி வைத்துக்கொள்ளும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை அதைச் சூடேற்றி, வெளிப்படும் ஒளியைக் கொண்டு அவர் பெற்ற கதிர்வீச்சு எவ்வளவு என்று கணக்கிட்டு, அவர் பெயரில் பதிவு செய்கின்றனர்.

அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் உள்ளது மாகுல். ஒருபுறம் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், மறுபுறம் இரசாயன சேமிப்புக் கிடங்குகள், நடுவே அடுக்குமாடிக் குடியிருப்புகள். இங்குள்ள காற்றில் கலந்திருப்பதாக நீதிமன்றங்கள் வரை பேசப்பட்ட பொருள்களில் ஒன்று பென்சீன். மாகுல் மக்கள் மார்பில் பட்டை ஏதும் இல்லை. அவர்கள் எத்தனை ஆண்டுகளில் எவ்வளவு பென்சீனைச் சுவாசித்தனர் என்ற பதிவேடும் எங்கும் இல்லை.

கதிர்வீச்சு, பென்சீன் ஆகிய இரண்டுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டவை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் பட்டியலில் இரண்டும் ஒரே பிரிவில்தான் இடம்பெற்றுள்ளன. ஒன்றை அளக்க அரசு ஓர் அமைப்பையே உருவாக்கியுள்ளது. மற்றொன்றைச் சுவாசிப்பவர்களோ, காற்று நஞ்சானது என்று ஒப்புக்கொள்ளச் செய்யவே ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. நச்சின் தன்மையைக் கொண்டு இந்த வேறுபாட்டை விளக்க முடியாது. அதற்கு ஆளாகும் மக்கள் யார் என்பதைக் கொண்டே விளக்க முடியும்.

முதல் பிரிவு என்பது என்ன?

பிரான்சின் லியோன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட அம்முகமை 1965ல் நிறுவப்பட்டது. 1970களின் தொடக்கம் முதல் ஒவ்வொரு பொருளையும் தொழிலையும் பழக்கத்தையும் ஆராய்ந்து அது வகைப்படுத்தி வருகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்குப் போதுமான சான்று உள்ளவை முதல் பிரிவு. அனேகமாக உண்டாக்கக்கூடியவை, உண்டாக்கும் சாத்தியம் உள்ளவை என்பன அடுத்த நிலைகள்.

முதல் பிரிவில் இன்று 120க்கும் மேற்பட்டவை உள்ளன. புகையிலை, மது, பாக்கு, கல்நார், ஆர்சனிக், ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம், தோல் தூசி, மரத்தூள் ஆகியவை அவற்றில் சில. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான பாப்பிலோமா வைரசும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரசும் உண்டு. டீசல் புகை 2012லும், நகரங்களின் மாசடைந்த காற்று முழுமையும் 2013லும் இப்பிரிவில் சேர்க்கப்பட்டன.

இந்த வகைப்பாடு சான்றின் வலிமையை மட்டுமே சொல்கிறது. ஆபத்தின் அளவைச் சொல்வதில்லை. பதப்படுத்தப்பட்ட இறைச்சியும் புகையிலையும் ஒரே பிரிவில் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு கொல்லும் என்று பொருள் ஆகாது. எவ்வளவு, எத்தனை காலம், எந்த வழியில் உடலுக்குள் சென்றது என்பதே ஆபத்தைத் தீர்மானிக்கிறது. எனவே ஒரு பொருள் தீயது என்று அறிந்தால் மட்டும் போதாது. அதை அளந்தாக வேண்டும். அளக்கப்படாத நச்சுக்கு எதிராக வழக்கும் நிற்காது, இழப்பீடும் கிடைக்காது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் மதிப்பீட்டின்படி, 2022ம் ஆண்டில் நாட்டில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானோர் சுமார் 14.61 லட்சம் பேர். அக்கவுன்சில் 2020ல் வெளியிட்ட அறிக்கை, மொத்தப் புற்றுநோய்களில் 27.1 சதவீதம் புகையிலை தொடர்பானவை என்றது. இந்தியாவின் மிகப் பெரிய புற்றுநோய்க் காரணி புகையிலையே என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் புகையிலையைக் கைவிடும்படி ஒருவருக்கு அறிவுரை கூறலாம். சுவாசிப்பதைக் கைவிடும்படி எவருக்கும் கூற இயலாது. தொழிற்கூடத்திலும் குடியிருப்பிலும் சூழும் நச்சுகளில் தனிமனிதரின் விருப்பத்துக்கு இடமே இல்லை. அங்குதான் அரசின் பொறுப்பு தொடங்குகிறது.

பட்டை சொல்லும் கணக்கு

1954 ஜனவரியில் திராம்பே அணுசக்தி நிலையமாகத் தொடங்கப்பட்டு, ஹோமி பாபாவின் மறைவுக்குப் பின் 1967ல் அவர் பெயர் சூட்டப்பட்ட நிறுவனம்தான் பாபா அணு ஆராய்ச்சி மையம். ஆசியாவின் முதல் அணு உலைகளில் ஒன்றான அப்சரா 1956 ஆகஸ்டில் இங்கு இயங்கத் தொடங்கியது. சைரஸ் உலை 1960 முதல் 2010 இறுதி வரை இயங்கியது. துருவா 1985ல் தொடங்கப்பட்டது.

கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கும். புற்றுநோயை அழிக்கவும் செய்யும். நாட்டின் முதன்மையான புற்றுநோய் மருத்துவமனையான பரேல் டாடா நினைவு மருத்துவமனை 1941ல் திறக்கப்பட்டது. 1962 முதல் அது அணுசக்தித் துறையின் கீழ் உள்ளது. நோயாளிகளின் கட்டியைச் சுடும் கோபால்ட்-60 இந்திய அணு உலைகளிலேயே உற்பத்தியாகிறது. அதைப் பயன்படுத்தும் பாபாட்ரான் என்னும் சிகிச்சைக் கருவியையும் பாபா மையமே உருவாக்கியது. கதிர்வீச்சைத் துல்லியமாக அளக்கத் தெரிந்ததால்தான் அதை மருந்தாகவும் கையாள முடிகிறது.

கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் தொடர்ந்து ஐந்தாண்டுகளில் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டுக்கு மேல் பெறக்கூடாது; எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக்கூடாது என்பது இந்திய விதி. பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இந்த வரம்புக்குள் இருந்தால் ஆபத்தே இல்லை என்று பொருளா? பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய நாடுகளின் 3,09,932 அணுத்துறைப் பணியாளர்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023ல் வெளியானது. பெறும் கதிர்வீச்சு 1 கிரே அதிகரித்தால் திடக்கட்டிப் புற்றுநோய் மரண விகிதம் 52 சதவீதம் கூடுகிறது என்று அது கண்டது. 1 கிரே என்பது சாதாரணப் பணியாளர் ஒருவர் வாழ்நாளிலும் பெறாத பேரளவு. இந்த விகிதப்படி, ஓராண்டு வரம்பான 20 மில்லிசீவர்ட்டை முழுமையாகப் பெறுபவருக்கு ஆபத்து ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். சிறிய அளவு சிறிய ஆபத்து; ஆனால் பூஜ்ஜியம் அல்ல.

இதற்கு மாறான முடிவும் உண்டு. கேரளத்தின் கருநாகப்பள்ளி கடற்கரையில் மோனசைட் மணலால் இயற்கைக் கதிர்வீச்சு மிகுதி. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலும் இத்தகையதே. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் கருநாகப்பள்ளி மக்கள் சுமார் 70 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்தது. அங்கு கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009ல் வெளியான அதன் ஆய்வு கூறியது. அறிவியலாளரிடையே இவ்விவாதம் தொடர்கிறது. இங்கு கவனிக்க வேண்டியது வேறொன்று: அளவு பதிவு செய்யப்பட்டிருப்பதால்தான் இந்த விவாதமே சாத்தியமாகிறது.

கல்பாக்கம் கற்பித்தது

பட்டை இருந்துவிட்டால் பாதுகாப்பு முழுமையடைந்துவிடுமா என்ற கேள்விக்குத் தமிழகத்திலேயே பதில் உண்டு. பாபா மையத்தின் கீழ் இயங்கும் கல்பாக்கம் மறுசுத்திகரிப்பு ஆலையில் 2003 ஜனவரி 21ம் தேதி வால்வு ஒன்று பழுதடைந்தது. இதனால் கடும் கதிரியக்கம் கொண்ட திரவம், குறைந்த கதிரியக்கக் கழிவுக்கான பகுதிக்குள் வந்து சேர்ந்தது. இதை அறியாமல் மாதிரி எடுக்கச் சென்ற பணியாளர்கள் உள்ளிட்ட 6 பேர், ஆண்டு வரம்பைப் போல் பன்மடங்கு கதிர்வீச்சுக்கு ஆளாயினர். கசிவை உடனுக்குடன் காட்டி எச்சரிக்கும் கருவி அப்பகுதியில் இல்லை.

ஊழியர் சங்கம் பாதுகாப்புக் குறைகளைப் பட்டியலிட்டு நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியது, வேலைநிறுத்தத்திலும் இறங்கியது. நிகழ்ந்தது என்ன என்பதை நிர்வாகம் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது அந்த ஆண்டு ஆகஸ்டில்தான். அணுசக்தித் துறை வரலாற்றில் பணியாளர் கதிர்வீச்சுக்கு ஆளான மிக மோசமான நிகழ்வு என்று அப்போது மையத்தின் இயக்குநரே கூற நேர்ந்தது. பட்டை எவ்வளவு பெற்றார் என்பதை நிகழ்ந்த பிறகு சொல்லும். நிகழாமல் தடுப்பது நிர்வாகத்தின் கடமை. தொழிலாளர் கூடிக் குரல் கொடுத்திராவிட்டால் இச்செய்தி ஆலைச் சுவருக்குள்ளேயே அடங்கியிருக்கும்.

இந்நிகழ்வுக்கு மூன்றாண்டுகள் முன்னர், 2000ல், பாபா மையத்தின் நிலையங்கள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் கண்காணிப்பிலிருந்து விலக்கப்பட்டன. மையத்தின் பாதுகாப்பை மையமே அமைத்த உள்குழு கவனிக்கும் என்று ஏற்பாடாயிற்று. தேர்வு எழுதுபவரே விடைத்தாளைத் திருத்தும் இந்த முறையின் விளைவு கல்பாக்கத்தில் வெளிப்பட்டது.

ஒழுங்குமுறை வாரியத்தின் நிலையும் பெருமைப்படத்தக்கதாக இருக்கவில்லை. 1983 நவம்பரில் அமைக்கப்பட்ட அவ்வாரியத்தின் தலைமை அலுவலகமான நியாமக் பவன் அணுசக்தி நகரில்தான் உள்ளது. அணுமின் கழகத்தின் தலைமையகமும் அதே நகரில்தான். கண்காணிப்போரும் கண்காணிக்கப்படுவோரும் ஒரே துறைக்குப் பதில் சொல்லும் அண்டை வீட்டார்.

புதுதில்லியில் நாடாளுமன்றத்தின் முன் 2012ல் வைக்கப்பட்ட தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை இந்நிலையைக் கடுமையாகச் சாடியது. வாரியத்துக்கு விதிகள் வகுக்கும் அதிகாரம் இல்லை. விதி மீறலுக்கு அதிகபட்ச அபராதம் 500 ரூபாய். நாட்டில் இயங்கிய 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 5,270 மட்டுமே பதிவு பெற்றிருந்தன. மீதமுள்ள 91 சதவீத நிலையங்கள் வாரியத்தின் கண்ணுக்கே படவில்லை.

அத்தகைய கவனக்குறைவின் விலையைத் தலைநகரம் அதற்கு முன்பே கொடுத்திருந்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த காமா கதிர்வீச்சுக் கருவி 2010 பிப்ரவரியில் பழைய பொருள்களோடு ஏலம் விடப்பட்டது. அது மாயாபுரி பழைய இரும்புச் சந்தையைச் சென்றடைந்தது. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாத தொழிலாளர்கள் அதைப் பிரித்தெடுத்தனர். ஒருவர் உயிரிழந்தார், மேலும் பலர் கதிர்வீச்சுப் பாதிப்புடன் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் பதிவேட்டுடன் வைத்திருக்க வேண்டிய ஒரு பொருள், வாயிலைத் தாண்டியதும் எடைக்கு விற்கும் இரும்பாயிற்று.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சாந்தி சட்டம், 1962ம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. ஒழுங்குமுறை வாரியத்துக்கு அது சட்ட அந்தஸ்து வழங்கியது. பல்லாண்டுக் கோரிக்கை ஒன்று இதனால் நிறைவேறியது. ஆனால் அதே சட்டம்தான் அணுமின் உற்பத்தியில் தனியார் நிறுவனங்களுக்கும் கதவைத் திறந்துவிட்டது. இனி ஒப்பந்தத் தொழிலாளர் பெருகும் ஆலைகளில், வேலை மாறும்போது ஒருவரின் கதிர்வீச்சுக் கணக்கு அவருடன் தொடர்ந்து செல்கிறதா என்பதைக் கண்காணிக்கும் பொறுப்பு முன்னிலும் பன்மடங்கு கூடியுள்ளது.

மாகுல்: தண்டனையாகிப்போன மறுவாழ்வு

சுவருக்கு உள்ளேயே இத்தனை குறைகள் என்றால், வெளியே உள்ள நிலையை ஊகிக்கலாம். செம்பூர் - திராம்பே பகுதி, நாடு விடுதலையடைந்த சில ஆண்டுகளிலேயே எண்ணெய்ச் சுத்திகரிப்பின் மையமாயிற்று. 1950களின் நடுவில் எஸ்ஸோ, பர்மா ஷெல் நிறுவனங்கள் இங்கு ஆலை அமைத்தன. 1970களில் தேசியமயமாகி அவை இந்துஸ்தான் பெட்ரோலியம், பாரத் பெட்ரோலியம் ஆகிய பொதுத்துறை நிறுவனங்களாயின. உர ஆலை, அனல் மின்நிலையம், இரசாயனக் கிடங்குகள் எனத் தொழில்கள் நெருங்கின. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே மாகுல், அம்பாபாடா கிராமங்களில் கோலி மீனவர்கள் வாழ்ந்து வந்தனர்.

கிடங்குகளில் இரசாயனங்களை ஏற்றி இறக்கும்போது எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்கள் காற்றில் கலக்கின்றன. அவற்றுள் பென்சீன் எலும்பு மஜ்ஜையைத் தாக்கி இரத்தப் புற்றுநோயை உண்டாக்க வல்லது. இந்தியாவின் 2009ம் ஆண்டு தேசியக் காற்றுத் தர விதிகளின்படி ஒரு கன மீட்டர் காற்றில் பென்சீனின் ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. உலக சுகாதார நிறுவனமோ பென்சீனுக்குப் பாதுகாப்பான அளவு என்று எதையும் பரிந்துரைக்கவில்லை.

மும்பை கே.இ.எம். மருத்துவமனை 2013ல் இப்பகுதியில் ஆய்வு மேற்கொண்டது. மாதத்தில் மூன்று முறைக்கு மேல் மூச்சுத் திணறல் ஏற்படுவதாக 67.1 சதவீதத்தினரும், கண் எரிச்சல் இருப்பதாக 86.6 சதவீதத்தினரும் தெரிவித்தனர். கோலி மீனவர்கள் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் தீர்ப்பளித்தது. காற்றின் தரத்தால் இவ்விரு கிராம மக்களின் உடல்நலத்துக்கு வெளிப்படையான அச்சுறுத்தல் உள்ளது என்று தீர்ப்பாயம் கூறியது.

எனினும் அதே மாகுலுக்குத்தான் ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் அனுப்பப்பட்டன. தான்சா ஏரியிலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரும் குழாய்ப் பாதையின் இருபுறமும் இருந்த குடிசைகள் அகற்றப்பட்டபோது, அங்கு வாழ்ந்தோருக்கு மாற்று வீடு மாகுல் அடுக்குமாடிகளில் ஒதுக்கப்பட்டது. காற்றால் உடல்நலத்துக்கு அச்சுறுத்தல் உள்ளது என்று ஒரு நீதி அமைப்பு கூறிய இடத்தை, மறுவாழ்வுக்குரிய இடம் என்று மாநகராட்சி கூறியது. குடிசையை இழந்தவர்கள் எதிர்க்க வலுவற்றவர்கள் என்ற கணிப்பே இதன் பின்னணி.

அந்தக் கணிப்பு பொய்த்தது. 2018 அக்டோபரில் மாகுல் மக்கள், தங்கள் வீடுகள் இடிக்கப்பட்ட வித்யாவிஹார் பகுதிக்கே திரும்பிவந்து தெருவில் அமர்ந்தனர். மாதக்கணக்கில் அப்போராட்டம் நீடித்தது. மும்பை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், விருப்பமில்லாதவர்களை மாகுலில் வாழும்படி கட்டாயப்படுத்தக் கூடாது. மாற்று வீடு தர இயலாவிடில் மாதம் 15 ஆயிரம் ரூபாய் வாடகை வழங்க வேண்டும் என்று மாநில அரசுக்கு உத்தரவிட்டது. வாழும் உரிமை என்பதில் நல்ல காற்றும் அடங்கும் என்ற நெடுநாளைய சட்டக் கோட்பாட்டுக்கு இவ்வாறு ஒரு ரூபாய்க் கணக்கு கிடைத்தது.

2020 ஆகஸ்டில் பசுமைத் தீர்ப்பாயம் மாசுக்கான இழப்பீட்டையும் விதித்தது. இந்துஸ்தான் பெட்ரோலியத்துக்கு 76.5 கோடி, பாரத் பெட்ரோலியத்துக்கு 67.5 கோடி, ஏஜிஸ் நிறுவனத்துக்கு 142 கோடி, சீ லார்டு நிறுவனத்துக்கு 20 லட்சம் என மொத்தம் 286.2 கோடி ரூபாய். இத்தொகை சுற்றுச்சூழலைச் சீரமைக்க என்பதே தீர்ப்பின் நோக்கம். அக்காற்றைச் சுவாசித்தவர்களில் எவருக்கு என்ன நோய் வந்தது, வரும் என்ற கணக்கு எந்த ஏட்டிலும் இல்லாதபோது, தனிமனிதர் தம் இழப்பை எவ்வாறு மெய்ப்பிப்பார்? கதிர்வீச்சுப் பணியாளருக்கு ஒரு பட்டை தரும் சான்றை மாகுல் குழந்தைக்கு எவரும் தரவில்லை.

2025ல் மாகுலில் காலியாகக் கிடந்த வீடுகளை மும்பை மாநகராட்சி தன் ஊழியர்களுக்கே ஏறத்தாழ 12.6 லட்சம் ரூபாய்க்கு விற்க முன்வந்தது. வீட்டு விலை கோடிகளில் பேசப்படும் நகரில் இவ்வளவு மலிவாகக் கிடைத்தும் வரவேற்பு மிகக் குறைவு. ஏழைகளுக்கு ஏற்றதென்று கூறப்பட்ட காற்றை, தேர்வு செய்யும் வசதி படைத்தோர் தேர்வு செய்யவில்லை.

தாராவியின் தோலும் பசையும்

குடியிருப்பில் இந்நிலை என்றால், சிறு தொழிற்கூடங்களில் நச்சு இன்னும் நெருக்கமாக இருக்கிறது. மாட்டுங்காவை அடுத்த தாராவியில் தோல் பதனிடும் தொழிலை வளர்த்தவர்களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழர்களுக்கு முக்கியப் பங்கு உண்டு. பதனிடும் கூடங்கள் பெரும்பாலும் வெளியேறிவிட்ட பின்னும், தோலை வெட்டி, ஒட்டி, தைத்துப் பைகளும் இடைவார்களும் செய்யும் பட்டறைகள் ஏராளம். தோல் தூசி முதல் பிரிவுப் பொருள்; மூக்கு உட்குழிப் புற்றுநோயுடன் அதற்குள்ள தொடர்பு நிறுவப்பட்டது.

பசையின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. துருக்கியின் இஸ்தான்புல் நகரில் காலணி, கைப்பை செய்யும் சிறு பட்டறைகளில் பென்சீன் கலந்த பசை புழக்கத்துக்கு வந்தபின், அத்தொழிலாளரிடையே இரத்தப் புற்றுநோய் கூடுவதை முசாபர் அக்சாய் என்ற மருத்துவர் கவனித்தார். 1974ல் அவர் வெளியிட்ட ஆய்வு உலகின் கண்களைத் திறந்தது. காற்றோட்டமற்ற சிறு அறைகளில், பாதுகாப்பு ஏதுமின்றி உழைத்தவர்கள் அவர்கள். பென்சீன் படிப்படியாக விலக்கப்பட்டபின் நோயாளிகளின் எண்ணிக்கையும் குறைந்தது. தடுக்கக்கூடிய நோய் இது என்பதற்கு அதுவே சான்று. காற்றோட்டமற்ற அதேபோன்ற அறைகளில், கையிலுள்ள பசையில் எந்தக் கரைப்பான் எவ்வளவு உள்ளது என்று அறியாமல் உழைக்கும் தாராவித் தொழிலாளி, அந்த ஆய்வின் பயனைப் பெற வேண்டியவர்.

தோல் தொழிலுக்கான குரோமிய வேதிப்பொருள்கள் தயாரிப்பில் தமிழகமும் ஒரு பெரும் தழும்பைச் சுமக்கிறது. இராணிப்பேட்டையில் 1990களின் நடுவில் மூடப்பட்ட குரோமேட் ஆலை, ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட குரோமியக் கழிவை விட்டுச் சென்றது. ஆறு இணைதிறன் குரோமியம் நிலத்தடி நீரில் கசிந்தது. ஆலையின் இலாபம் உரிமையாளருக்குச் சென்றது. கழிவு ஊருக்குச் சொந்தமாயிற்று.

சட்டம் அறிந்தது, செய்யத் தவறியது

இந்திய அரசு இவற்றை அறியாதது அல்ல. போபால் பேரழிவுக்குப் பின் 1987ல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தான பொருள்களைக் கையாளும் தொழிலாளருக்கு முறையான மருத்துவப் பரிசோதனையும், அப்பொருள்கள் குறித்த தகவலைப் பெறும் உரிமையும் அதன்மூலம் சட்டமாயின. 1995 ஜனவரி 27ம் தேதி உச்ச நீதிமன்றம் கல்நார்த் தொழிலாளர் வழக்கில் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே சென்றது. தொழிலாளரின் உடல்நலம் அடிப்படை உரிமை என்றது. பணியில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகள், அல்லது பணி முடிந்தபின் 15 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை ஒவ்வொருவரின் மருத்துவப் பதிவையும் நிறுவனம் காக்க வேண்டும் என்று ஆணையிட்டது.

ஏன் 40 ஆண்டுகள்? கல்நார் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோயாக வெளிப்படப் பல பத்தாண்டுகள் ஆகும். அதற்குள் தொழிலாளி ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருப்பார், ஆலை கைமாறியிருக்கும், முதலாளி வேறு தொழிலுக்குப் போயிருப்பார். நோய் வரும்போது குற்றவாளி கண்ணில் படமாட்டார். பதிவேடு ஒன்றே சாட்சி. இத்தனை தெளிவான தீர்ப்புக்குப் பின்னும், 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்த கல்நாரை இந்தியா தொடர்ந்து இறக்குமதி செய்து வருகிறது. ஆபத்தான பொருள்களுக்கான ரோட்டர்டாம் உடன்படிக்கைப் பட்டியலில் வெள்ளைக் கல்நாரைச் சேர்க்கும் முயற்சியையும் பன்னாட்டு மாநாடுகளில் பலமுறை எதிர்த்துள்ளது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நிலைமையை மேலும் சிக்கலாக்கியுள்ளன. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் இருந்தாலே தொழிற்சாலை என்ற பழைய வரையறை 20 பேராக உயர்த்தப்பட்டது. தாராவியின் பட்டறைகளில் மிகப் பலவும் இக்கணக்குக்குள் வாரா. ஆபத்தான தொழில் என்று அரசு அறிவித்தால் ஒரே ஒரு தொழிலாளி உள்ள இடத்துக்கும் சட்டத்தை நீட்டிக்கலாம் என்ற பிரிவு உண்மையில் உள்ளது. அதைப் பயன்படுத்தும் மனம் ஆட்சியாளருக்கு உண்டா என்பதே கேள்வி.

தேவனாரில் மீண்டும் மாகுலா?

இக்கேள்வி இப்போது மும்பைத் தமிழர்களின் வாசலுக்கு வந்துள்ளது. அதானி குழுமமும் மகாராஷ்டிர அரசும் கூட்டாக மேற்கொண்டுள்ள தாராவி மறுவளர்ச்சித் திட்டத்தில், 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருந்தோருக்கே தாராவிக்குள் இலவச வீடு. பிந்தி வந்தோரும் மேல்தளங்களில் வாழ்வோரும் தாராவிக்கு வெளியே அனுப்பப்படுவர். அவர்களைக் குடியமர்த்துவதற்கான நிலங்களில் ஒன்றாக, தேவனார் குப்பைக் கிடங்கில் ஏறத்தாழ 124 ஏக்கரை ஒதுக்க 2024ல் மாநில அரசு முடிவெடுத்தது.

தேவனார், அணுசக்தி நகருக்கு அருகிலேயே உள்ளது. 1927 முதல் மும்பையின் குப்பை அங்கு கொட்டப்பட்டு வருகிறது. 2016 ஜனவரியில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்து நகரையே புகையால் மூடியது. அழுகும் குப்பையிலிருந்து எழும் வாயுவில் மீத்தேனுடன் பென்சீன், வினைல் குளோரைடு போன்றவையும் சிறிய அளவில் இருக்கும்; நெகிழி எரியும்போது டையாக்சின் உருவாகும். வினைல் குளோரைடும் டையாக்சின்களில் மிகக் கொடியதும் அதே முதல் பிரிவில் உள்ளவைதாம். பழைய குப்பையை அகற்ற 2025ல் மாநகராட்சி ஒப்பந்தப்புள்ளி கோரியது. அகற்றினால் மட்டும் போதுமா, மண்ணும் நீரும் காற்றும் சோதிக்கப்பட்டு, முடிவு மக்கள் முன் வைக்கப்படுமா என்பதற்கு உறுதி தேவை.

மாகுலில் காற்றின் ஆபத்து தெரிந்த பிறகும் மக்களைக் குடியேற்றினார்கள். தேவனாரிலாவது முதலில் அளக்க வேண்டும். அந்த அளவீட்டைத் திட்டத்தால் ஆதாயம் பெறாத அமைப்பு ஒன்று செய்ய வேண்டும். அறிக்கை தமிழ், மராத்தி, இந்தி, உருது மொழிகளில் தாராவி மக்களின் கைக்கு வர வேண்டும். தோல், பசை, குப்பை பிரிப்பு, வண்ணம் பூசுதல் ஆகிய சிறு தொழில்களை ஆபத்தான தொழில்களாக அறிவித்து, ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனையும் வாழ்நாள் முழுதும் உடன்வரும் மருத்துவப் பதிவும் வழங்க வேண்டும். அணுத்துறையில் கண்காணிப்பு வாரியம் சட்டத்தின் எழுத்தில் பெற்ற தன்னாட்சியை நடைமுறையிலும் பெற வேண்டும். பணியாளரின் கதிர்வீச்சுக் கணக்கும் நோய்க் கணக்கும் சேர்த்து ஆராயப்பட்டு வெளியிடப்பட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. மனித உடலில் விழும் கதிர்வீச்சை மில்லிசீவர்ட் கணக்கில் அளந்து, ஆயுள் முழுதும் பதிவு செய்யத் தெரிந்த நாடு இது. காற்றில் உள்ள பென்சீனை அளப்பது அதனினும் எளிது. திராம்பேயில் ஒரு சுவருக்குள் அரசு ஏற்றுக்கொண்ட கடமையை, அச்சுவருக்கு வெளியே வாழும் குடிமக்களுக்கும் ஏற்குமா என்பதற்கான முதல் விடை தேவனாரில் கிடைக்கும்.